போர்டில் நாலாவது பெயர்

பெரம்பலூர்
12.11.1999

அன்புள்ள தம்பி மணிவேலுக்கு அக்கா பரிமளா எழுதுவது.

இங்கே நானும் மாமாவும் சுகம். அம்மாவுக்குத்தான் மழை பிடித்ததிலிருந்து இருமல். கஷாயம் வைத்துக் கொடுத்தால், "மொதல்ல நீ குடிச்சுக் காமி" என்கிறாள். உன் உடம்பு எப்படி? தீபாவளிக்கு வந்தபோது கன்னம் ஒட்டிப் போயிருந்தது. "ஓடுறவன் ஒல்லியாத்தான் இருப்பான்" என்றார் மாமா. அவர் ஓடுவதே இல்லை என்பது பார்த்தாலே தெரிகிறது.

இங்கே ஒரு புதுக் கூத்து நடக்கிறது. மாமா தன் சவுண்ட் சர்வீஸ் கடை வாசலில் கரும்பலகை ஒன்றை மாட்டியிருக்கிறார். உங்கள் மத்திய மண்டல கூடைப்பந்து லீக்கில் ஆடும் எட்டு அணிகளில் எந்த நான்கு அரையிறுதிக்குப் போகும் என்று ஞாயிறுதோறும் அதில் எழுதுகிறார். எல்லாம் இந்த ஊர் அணியை நடத்தும் செவ்வேள் ரோடுவேஸ் பஸ் கம்பெனிக்காரர்கள் ஆட்டத்துக்கு மைக் போடக் கூப்பிட்டதால் வந்த வினை. மைக் பிடித்தவர் இப்போது ஜோசியமும் பிடித்துவிட்டார். போர்டைச் சுற்றி எப்போதும் பத்துப் பேர் நிற்கிறார்கள். பஸ்ஸை விட்டுவிட்டு நிற்கிறவர்களும் உண்டு.

இந்த வாரம் திருச்சி, தஞ்சாவூர், கரூர் என்று எழுதி, நாலாவதாக உங்கள் அரியலூரைப் போட்டிருக்கிறார். "உள்ளூர்ல பொழச்சுக்கிட்டு மச்சான் டீமை எழுதுறியா?" என்று ஒருவர் கேட்டாராம். "பாசம் வேற, கணக்கு வேற" என்று பதில் சொன்னாராம். எனக்கென்னவோ பாசம் மாதிரிதான் தெரிகிறது.

நேரத்துக்குச் சாப்பிடு. பதில் போடு.

அக்கா
பரிமளா


அரியலூர்
24.11.1999

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். அம்மா இருமலுக்குக் கஷாயம் போதாது, டாக்டரிடம் காட்டு. மாமாவை நான் விசாரித்ததாகச் சொல். அவர் போர்டைப் பற்றி ஹாஸ்டலில் சொன்னேன். இளையபெருமாள், அதுதான் என் அறைத் தோழன், அந்த போர்டுக்கு ஒரு மாலை வாங்கிப் போடலாம் என்கிறான்.

மாமா கணக்கில் ஒரு பிழையும் இல்லை. முதல் மூன்று இடத்துக்கு அவர்கள் மூவர்தான். அங்கே யாரும் முட்ட முடியாது. நாலாவது இடத்துக்குத்தான் நாங்களும் உங்கள் ஊரும் மல்லுக்கு நிற்கிறோம். கடைசி லீக் ஆட்டமும் எங்களுக்குள்ளேதான், பிப்ரவரி 20, பெரம்பலூர் மைதானத்தில்.

ஒரு விஷயம் உனக்கு மட்டும். எங்கள் அணியை நடத்தும் வைரப்பாறை சிமெண்ட் மேனேஜர் எங்களைக் கூப்பிட்டுப் பேசினார். அரையிறுதிக்குப் போனால் ஐந்து பேருக்கு பெர்மனன்ட் ஆர்டர். அதில் என் பெயரும் இருக்கிறது. போகவில்லை என்றால் மார்ச்சோடு ஒப்பந்தம் முடிந்தது, அவரவர் பெட்டியைக் கட்டலாம். இருபத்தேழு வயசாகிவிட்டது அக்கா. அடுத்த வருஷம் என்னைவிட உயரமாக ஒரு பத்தொன்பது வயசுப் பையன் வந்து நிற்பான். இந்த ஆர்டர் ஒன்றுதான் எனக்கு.

கும்பகோணம் ஆட்டத்தில் கொஞ்சம் விழுந்தேன். ஒன்றுமில்லை. இரண்டு நாள் நொண்டினேன், இப்போது ஒன்றுமில்லை.

அன்புத் தம்பி
மணிவேல்


பெரம்பலூர்
4.12.1999

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மா டாக்டரிடம் வந்தாள். டாக்டரையும் மருந்தை முதலில் குடித்துக் காட்டச் சொன்னாள்.

உன் கடிதத்தில் இரண்டு இடத்தில் "ஒன்றுமில்லை" என்று எழுதியிருக்கிறாய். ஒன்றுமில்லாததை ஒருத்தன் இரண்டு தடவை எழுதமாட்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்னிடம் வேண்டாம். மூன்று வயதில் நீ மாட்டுக்கொட்டகைச் சுவரிலிருந்து விழுந்தபோதும் இதையேதான் சொன்னாய், கை ஒடிந்து தொங்கிக்கொண்டிருந்தது. என்ன ஆயிற்று என்று எழுது. எழுதாவிட்டால் அடுத்த பஸ்ஸில் ஏறி ஹாஸ்டல் வாசலில் வந்து நிற்பேன். உன் தோழர்கள் முன்னால் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கச் சொல்லிப் பார்ப்பேன்.

மாமா இப்போது அந்தந்த வாரத்து ஆட்டத்துக்கும் போர்டில் ஜோசியம் எழுதுகிறார், மூன்று வாரமாகத் தப்பாமல் பலிக்கிறது. மார்கழி நெருங்கினால் சாயங்காலப் பனியில் பந்து நனைந்து வழுக்கும், தூரத்திலிருந்து எறிகிறவர்கள் தோற்பார்கள் என்று எழுதினார். அப்படியே திண்டுக்கல் தோற்றது. செவ்வேள் அணியின் மேனேஜர் அமிர்தலிங்கம் என்று ஒருவர், தினமும் கடைக்கு வந்து உட்கார்ந்து மாமா வாயைப் பார்க்கிறார். மரியாதையான மனுஷன். "தங்கச்சி, உங்க தம்பி நம்மூருக்கு ஆடியிருக்கக் கூடாதா?" என்று என்னிடமும் வருத்தப்பட்டார்.

உண்மையை எழுது.

அக்கா


அரியலூர்
15.12.1999

அக்காவுக்கு,

அம்மா, மாமா, நீ எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். என் நலத்தைப் பற்றி நீ கேட்டபடியே எழுதுகிறேன். படித்ததும் அடுப்பில் போடு.

இடது முழங்கால். உள்ளே இருக்கும் தசைநார் பாதி அறுந்திருக்கிறது. யாருக்கும் சொல்லாமல் திருச்சிக்குப் போய் ஒரு டாக்டரிடம் காட்டினேன். ஊசி போட்டு நீர் எடுத்தார். "மூணு மாசம் பந்தையே தொடாதீங்க தம்பி. அதே எடத்துல இன்னொரு அடி விழுந்தா, அப்புறம் ஆட்டத்தைப் பத்திப் பேச வேண்டாம், நடக்கிறதைப் பத்திப் பேசுவோம்" என்றார்.

மூன்று மாதம் உட்கார்ந்தால் லீக் முடிந்துவிடும். கோச்சிடம் சொன்னால் அன்றைக்கே வேறு ஆள். ஆகவே சொல்லவில்லை.

ஆனால் உன் தம்பி முட்டாள் இல்லை. களத்தில் ஒருவன் எந்தக் காலில் நோகிறான் என்று தெரிந்தால் எதிராளி அங்கேதான் வருவான். தெரியாமல் மோதுவதுபோல் மோதுவான், நடுவர் ஒரு ஃபவுல் ஊதுவார், அவ்வளவுதான் தண்டனை. அதனால் நான் முழங்கால் உறையை வலது காலில் மாட்டிக்கொண்டு ஆடுகிறேன். நல்ல காலை நொண்டிக் காட்டுகிறேன். எல்லோரும் வலதைக் குறி வைக்கிறார்கள். இடதை ஒருவரும் பார்ப்பதில்லை. இளையபெருமாளுக்குக்கூடத் தெரியாது.

இது உனக்கும் எனக்கும் டாக்டருக்கும் மட்டும். மாமாவிடமும் சொல்லாதே. அவர் நல்லவர், ஆனால் அவர் கடை நல்லதில்லை. அங்கே பத்துப் பேருக்கு இருபது காது.

மணிவேல்


பெரம்பலூர்
27.12.1999

தம்பிக்கு,

கடிதம் எரிந்துவிட்டது. அதோடு என் வயிறும் எரிந்தது.

அழுதேன், அதை ஒளிக்க மாட்டேன். வெங்காயம் என்று அம்மாவிடம் சொன்னேன். அன்று வைத்தது ரசம். நல்லவேளை, அம்மா கவனிக்கவில்லை.

வந்துவிடு என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். நீ வரமாட்டாய். அந்த ஆர்டர் கிடைத்தால் உனக்கு ஒரு வீடு, ஒரு கல்யாணம், அம்மாவுக்கு ஒரு நிம்மதி என்று எனக்கும் ஆசை இருக்கிறது. ஆசை இருக்கிறதே என்று எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது. சரி, ஆடு. கடைசி ஆட்டம் முடிந்த மறுநாள் நானே வந்து உன்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போவேன்.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாய்க்குப் பூட்டுப் போட்டுவிட்டேன். மாமா, "என்ன, நாலு நாளா வூடு அமைதியா இருக்கு?" என்று பயந்து போய்க் கேட்டார். அவரிடமும் மூச்சு விடவில்லை. மனுஷர்கள் யாரிடமும் சொல்ல மாட்டேன். சாமியிடம் சொல்லாமல் மட்டும் என்னால் இருக்க முடியாது. அது உன் கணக்கில் வராது.

போர்டில் இந்த வாரமும் நாலாவது பெயர் அரியலூர்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள். காலைப் பார்த்துக்கொள்.

அக்கா


அரியலூர்
12.1.2000

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கும் மாமாவுக்கும் அம்மாவுக்கும் பொங்கல் வாழ்த்து. ஆட்டம் இருப்பதால் வர முடியாது. கரும்பில் என் பங்கை அம்மாவுக்குக் கொடு. கடிக்க முடியாது என்றாலும் வேண்டாம் என்று சொல்லமாட்டாள்.

நாகப்பட்டினத்தை ஜெயித்தோம். நானே பதினெட்டுப் புள்ளி. கரூரில் தோற்றோம், ஆனால் அங்கே ஒரு வேடிக்கை. அவர்களில் ஒருவன் ஆட்டம் முழுக்க என் வலது முழங்காலையே மோதிக்கொண்டிருந்தான். நான் "ஐயோ" என்று பிடித்துக்கொண்டு உட்காருவேன், அவன் முகத்தில் சந்தோஷம். உள்ளுக்குள் எனக்குச் சிரிப்பு. வலது கால் தேக்குக் கட்டை மாதிரி இருக்கிறது, அடிக்கட்டும்.

சிரிப்பு அடங்கியதும் ஒன்று தோன்றியது. அவனுக்கு என்மேல் கோபம் கிடையாது. ஆட்டம் முடிந்ததும் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். கோபமே இல்லாமல் அப்படி அடிக்கிறான். அதை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை.

இப்போது நாங்களும் பெரம்பலூரும் சமம். இப்படியே போனால் பிப்ரவரி 20-ல் யார் ஜெயிக்கிறார்களோ அவர்கள்தான் மாமா போர்டில் நாலாவது பெயர்.

மணிவேல்


பெரம்பலூர்
24.1.2000

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகம். உனக்கும் இனிமேல் சுகம்தான். ஏனென்று கேள்.

தைப்பூசத்துக்கு மறுநாள் செட்டிகுளம் மலைக்குப் போய்விட்டு வந்தேன். கூட்டம் குறையட்டும் என்று ஒருநாள் தள்ளிப் போனேன். உன் கால் ஆறினால் வெள்ளித் தகட்டில் கால் செய்து வைக்கிறேன் என்று மார்கழியிலேயே வேண்டிக்கொண்டிருந்தேன். ஆறிய பிறகு வைப்பதுதான் முறை. எனக்குப் பொறுமை இல்லை. முன்னதாகவே கொடுத்துவிட்டால் சாமிக்கும் ஒரு கட்டாயம் இருக்கும் என்று நினைத்தேன்.

அடிவாரக் கடையில் கை, கால், கண் எல்லாம் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டிருந்தான். இடது கால் கேட்டேன், காகிதத்தில் மடித்துக் கொடுத்தான். பாதிப் படி ஏறி, மூச்சு வாங்க உட்கார்ந்தபோது பிரித்துப் பார்க்கிறேன், பெருவிரல் மாறியிருக்கிறது. வலது கால். விடுவேனா? அத்தனை படியும் திரும்ப இறங்கினேன்.

"காலுன்னா காலுதாம்மா. சாமிக்குத் தெரியாதா?" என்றான் கடைக்காரன்.

"சாமிக்குத் தெரியும்யா. நீ குடுத்தது வலது, வலி எடது முழங்கால்ல. சாமி நல்லா இருக்குற காலுக்கு வைத்தியம் பாத்துட்டுப் போயிட்டா, அவனுக்குப் பதிலா நீ வந்து ஓடுவியா?" என்றேன்.

சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தால் நம்மூர் அணிப் பையன்கள், சிவப்பு பனியனோடு, நெற்றி நிறைய விபூதி. கூடவே தேங்காய்ப் பையோடு அமிர்தலிங்கம். "யாருக்கும்மா காலு?" என்று கேட்டார். "எங்க வூட்டுப் பிள்ளைக்கு" என்று மட்டும் சொன்னேன். உன் பெயரைச் சொன்னேனா? சொல்லவில்லை. அந்த அளவுக்கு எனக்கும் புத்தி உண்டு.

மேலே வரிசை நீளம். அந்த மனுஷர் தன் பையன்களை ஒதுங்கச் சொல்லி என்னை முன்னால் விட்டார். தகட்டைத் தட்டில் வைத்து, மணிவேல், பூரட்டாதி என்று உன் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். முடியும்வரை அவர் என் பின்னாலேயே நின்று கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். "நல்லா வேண்டிக்கம்மா, எல்லாம் சரியாயிரும்" என்றார்.

குங்குமம் இந்தக் கடிதத்தோடு வருகிறது. இடது முழங்காலில் பூசிக்கொள்.

அக்கா பரிமளா


பெரம்பலூர்
4.2.2000

தம்பிக்கு,

சுகமா? பத்து நாளாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. வெளியூர் ஆட்டத்துக்குப் போயிருப்பாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். குங்குமம் வந்ததா?

ஞாயிற்றுக்கிழமை மாமா போர்டைத் துடைத்தார். முதல் மூன்று பெயரை எழுதினார். நாலாவதாகப் பெரம்பலூர் என்று எழுதினார். இவ்வளவு நாள் இல்லாமல் இப்போது ஏன் என்று கேட்டேன். "கணக்கு மாறிடுச்சு" என்றார். என்ன மாறியது, இரண்டு அணியும் சமம்தானே என்றேன். "சோத்தைப் போடு" என்றார். போட்ட சோற்றையும் சாப்பிடவில்லை. கடையில் எல்லோரும் கைதட்டினார்களாம், முதுகில் தட்டிக்கொடுத்தார்களாம். அவர் முகத்தில் அந்தச் சந்தோஷத்தைக் காணோம்.

நேற்று மார்க்கெட்டிலிருந்து மைதானத்து வழியாக வந்தேன். நம்மூர்ப் பையன்கள் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் பந்தை வைத்துக்கொண்டு நிற்கிறான். இன்னொருவன் ஓடிவந்து அவன் இடது பக்கமாகவே விழுகிறான். எழுந்து போய் மறுபடியும் ஓடிவருகிறான், மறுபடியும் இடது பக்கம். அமிர்தலிங்கம் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கைகூப்பி, "தம்பி எப்படி இருக்காரு தங்கச்சி?" என்றார். நல்லாயிருக்கான் என்றேன்.

உன்னை ஒன்று கேட்க வேண்டும். அன்று அடிவாரத்தில் நான் கடைக்காரனிடம் சத்தம் போட்டது... வேண்டாம், விடு. அப்படியெல்லாம் இருக்காது.

இடது காலிலும் ஓர் உறை மாட்டிக்கொண்டால் என்ன? உடனே பதில் போடு.

அக்கா


பெரம்பலூர்
11.2.2000

மாப்பிள்ளை மணிவேலுக்கு செல்லதுரை எழுதுவது.

நீயும் உன் தோழர்களும் நலமாக இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன். நான் உனக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. மைக்கில் பேசிப் பழகியவனுக்கு எழுத வரவில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

20-ஆம் தேதி ஆடாதே.

அமிர்தலிங்கம் என் கடையில் உட்கார்ந்து தன் ஆளிடம் சொன்னதைக் கேட்டேன். "வலதுல மாட்டியிருக்கிறது வேஷம்டா. எடதுதான்" என்றார். நான் ஆம்ப்ளிஃபயரைப் பிரித்துக்கொண்டிருந்தேன், காதில் விழாததுபோல இருந்தேன். பிறகு மெதுவாக, எப்படித் தெரியும் சார் என்றேன். "மலைமேல சாமி சந்நிதியில வெச்சே தெரிஞ்சுது" என்று சிரித்தார்.

பரிமளா கோயிலுக்குப் போய் வந்தது எனக்குத் தெரியும். எதற்கென்று அப்போதுதான் தெரிந்தது.

நான் யாரிடம் போய்ச் சொல்ல? நடுவரிடம் சொன்னால், இன்னும் நடக்காததற்குச் சாட்சி கேட்பார். உங்கள் கோச்சிடம் சொன்னால் நீ மறைத்தது வெளியே வரும். பரிமளாவிடம் சொன்னால், யாரால் என்று அந்த நிமிஷமே அவளுக்குத் தெரிந்துவிடும். அதைத் தாங்கமாட்டாள். அதனால்தான் போர்டில் உங்கள் பெயரை அழித்தேன். நீ அதைக் கேள்விப்பட்டு, மாமா எதையோ மோப்பம் பிடித்துவிட்டார் என்று ஒதுங்குவாய் என எதிர்பார்த்தேன். நீ ஒதுங்கவில்லை என்று இளையபெருமாள் போனில் சொன்னான்.

காய்ச்சல் என்று படுத்துக்கொள். வேலை போனால் என் கடையில் வந்து உட்கார். கால் போனால் நான் எங்கே வாங்குவேன் மாப்பிள்ளை?

செல்லதுரை


அரியலூர்
16.2.2000

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

வணக்கம். நான் நலம். நீங்கள் சாப்பாட்டை ஒதுக்குவதாக அக்கா எழுதியிருந்தது. சாப்பிடுங்கள்.

வெளியூரிலிருந்து வந்ததும் அக்காவின் இரண்டு கடிதங்களும் காத்திருந்தன. முதல் கடிதத்தைப் படித்தபோதே புரிந்துவிட்டது. பதில் எழுத உட்கார்ந்தேன், கோபமாக எழுதிவிடுவேனோ என்று பயந்து வைத்துவிட்டேன். பிறகு அந்தக் குங்குமத்தைப் பார்த்தேன். அக்கா பாதிப் படியிலிருந்து இறங்கிப் போயிருக்கிறது மாமா, எனக்காக. அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? ஆனால் இப்போது எழுதினால் என் எழுத்தை வைத்தே கண்டுபிடித்துவிடும். அதனால் எழுதவில்லை.

ஆடுவேன். நான் இல்லாவிட்டால் தோற்போம், எனக்கு மட்டுமில்லை, இன்னும் நான்கு பேருக்கு ஆர்டர் போகும். இளையபெருமாளுக்குப் போன மாதம்தான் பெண் குழந்தை பிறந்தது. காய்ச்சல் என்று படுத்துக்கொண்டு அவன் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

இரண்டு காலிலும் உறை போட்டுக்கொள்கிறேன். அவர்கள் எப்படி வருவார்கள் என்று தெரிந்துவிட்டது, தெரிந்தால் பாதி தப்பலாம். நீங்கள் சொன்னதால்தான் அது. நன்றி.

எனக்கு இரண்டு காரியம் செய்யுங்கள். அக்காவை ஆட்டத்துக்கு அழைத்து வராதீர்கள். என்ன நடந்தாலும் மலையில் நடந்ததைப் பற்றி அக்காவிடம் மூச்சு விடாதீர்கள்.

மணிவேல்


அரியலூர்
9.3.2000

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவுக்கு இருமல் நின்றதா? நான் நலம். ஊன்றுகோல் பழகிவிட்டது. பழைய அறையில் இளையபெருமாளோடுதான் இருக்கிறேன். ஹாஸ்டலைக் காலி செய்ய மாதக் கடைசிவரை நேரம் கொடுத்திருக்கிறார்கள். மேனேஜர் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். ஆர்டரைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. தோற்றவனிடம் அவர் வந்ததே பெரிது.

ஆஸ்பத்திரியில் பத்து நாள் என் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாய். என்ன நடந்தது, எப்படி நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ கேட்காததால் நானே சொல்கிறேன். யார் மேலும் தப்பில்லை. அன்று பனி அதிகம், தரை நனைந்திருந்தது. பந்தோடு திரும்பும்போது கால் வழுக்கிவிட்டது. அந்தப் பையன் பாவம், நிற்க முடியாமல் என்மேல் விழுந்தான். எந்தக் காலில் விழுவது என்று யாராவது பார்த்தா விழுவார்கள்?

டாக்டர் நடக்கலாம் என்கிறார். ஓடுவதைப் பற்றி நான் கேட்கவில்லை. நீ வைத்த வேண்டுதலால்தான் இதோடு போயிற்று என்று அம்மாவிடம் சொல்.

உன் தம்பி
மணிவேல்


பெரம்பலூர்
21.3.2000

என் தம்பி மணிவேலுக்கு,

அம்மாவுக்கு இருமல் நின்றுவிட்டது. மாமாவும் நானும் இருக்கிறோம். நீ நலமாக இருக்க வேண்டும், அதற்குமேல் எனக்கு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

அன்று நான் மைதானத்தில் இருந்தேன். மாமா கதவைப் பூட்டாத குறையாக வீட்டில் இருக்கச் சொன்னார். அவர் போனதும் முக்காடு போட்டுக்கொண்டு வந்து, மைக் செட் வேனுக்குப் பின்னால் நின்றேன். பனி இல்லை தம்பி. மாசி வெயிலில் காய்ந்த தரை, நீங்கள் ஓடியபோது புழுதி பறந்தது. உன் இரண்டு காலிலும் உறை இருந்தது. அந்தப் பையன் வலது காலைத் திரும்பியும் பார்க்கவில்லை. மார்க்கெட்டிலிருந்து வந்த அன்று நான் பார்த்த அதே ஓட்டம், அதே பக்கம். முதல் இரண்டு தடவை நீ விலகிவிட்டாய். மூன்றாவது தடவை உன்னிடம் பந்து இருந்தது, கூடை பக்கத்தில் இருந்தது. நீ விலகவில்லை.

நீ விழுந்ததும் மாமா மைக்கில் உன் பெயரைச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் மைக் சும்மா இரைந்துகொண்டிருந்தது. அவருக்கு முன்பே தெரியும் என்று எனக்கு அப்போது தெரிந்தது. எப்படித் தெரியும் என்பதும் தெரிந்தது.

மாமா அந்தப் போர்டைக் கழற்றிக் கிணற்றடியில் போட்டுவிட்டார். செவ்வேள்காரர்களுக்கு இனி மைக் கிடையாது என்று சொல்லிவிட்டார். காரணம் கேட்டால் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் என்கிறார். நீ பனி என்கிறாய். இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் காப்பாற்றப் பார்க்கிறீர்கள். அவரிடம் நான் நம்பியதுபோலவே இருக்கிறேன், அந்த மனுஷருக்கு அதுவாவது மிஞ்சட்டும். உன்னிடம் என்னால் முடியாது. என் வாய்தான்டா உன் காலை முறித்தது. இதை யாராவது ஒருவரிடம் சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்.

நேற்று செட்டிகுளம் போனேன். அதே கடைக்காரன், அதே கம்பி. என்னை அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. தகட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "எந்தக் காலும்மா? இந்தத் தடவையாச்சும் சரியா சொல்லிருங்க" என்று சிரித்தான். பின்னால் நாலைந்து பேர் நின்றார்கள். வாயைத் திறக்கவில்லை. கையை நீட்டி இரண்டு காலையும் வாங்கிக்கொண்டேன். மேலே அர்ச்சகர் யார் பெயருக்கு என்று கேட்டார். சாமி பெயருக்கே என்று சொல்லிவிட்டேன்.

மாதக் கடைசியில் மாமா வேனோடு வருவார். பெட்டியைக் கட்டி வை. வீட்டுக்கு வா தம்பி.

அக்கா